ஆண்டிச்சாமியின் ஜீப்பும் தமிழ்மதியின் முன்பல்லும்

தாண்டிக்குடிக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே ஜீப் ஓட்டும் ஆண்டிச்சாமி அண்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. "என் வண்டியில ஏறுனவன் எவனும் வாந்தி எடுத்ததில்ல" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். சுத்தப் பொய். அவர் வண்டியில் நான் எத்தனை தடவை எடுத்திருக்கிறேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்டால், "அது நீ காலையில தின்ன பூரி தங்கச்சி. அதுக்கு என் வண்டி என்ன செய்யும்?" என்பார்.

நான் ஜெயப்பிரியா. ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷினில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே ஆண்டிச்சாமி அண்ணனின் வண்டிதான் தெரியும். பதினாறு வயதில் வாழைக்காய் லாரியில் கிளீனராக ஏறியவர். இருபத்தைந்து வருஷமாக இதே ரோட்டில் காபிக்காட்டு ஆட்களையும் மிளகு மூட்டையையும் மலைவாழைத் தாரையும் ஏற்றி இறக்குகிறார். மலைவாழைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. அதனால் முருகன் தின்பதில் பாதி தன் ஜீப்பில் வந்ததுதான் என்று இன்னொரு பெருமையும் உண்டு. குரல் பெரிசு, கோபம் பெரிசு, வேகம் எல்லாவற்றையும்விடப் பெரிசு. யாராவது வண்டி ஏறத் தாமதித்தால் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார், என் மெஷின் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்காது.

அவருக்கு ஒரே மகள், தமிழ்மதி. இந்தக் கதை நடக்கும்போது அவளுக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வண்டியில் என்னைவிட அதிகமாக வாந்தி எடுத்த ஆள் அவள்தான். அவளுக்காக சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கட்டு பிளாஸ்டிக் கவர் கிடக்கும். அது கணக்கில் வராதாம், சொந்தப் பிள்ளையாம்.

தமிழ்மதி வாயை மூடினாலும் முன்பற்கள் மூடாது. கடைவாய்ப் பற்கள் முதலில் முட்டி நின்றுவிடும். முன்னால் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இடையே சுண்டுவிரல் நுழைகிற இடம் அப்படியே திறந்திருக்கும், கீலில் ஏதோ மாட்டிக்கொண்ட கதவு மாதிரி. கொய்யாப்பழத்தைக் கடிக்க முடியாது, புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துக் கடைவாய்க்குத் தள்ள வேண்டும். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது இவள் பாதிச் சோற்றில் இருப்பாள். பள்ளிக்கூடத்தில் மீதியை அப்படியே கொட்டிவிட்டு எழுந்துவிடுவாளாம். பேசும்போது சில எழுத்துகள் காற்றாகப் போகும், அதைப் பேசிக் காட்டுவதற்கென்றே நாலு பையன்கள் இருந்தார்கள். பேசும்போது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒன்பதாவது படிக்கும்போது சனிக்கிழமைகளில் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைக்க என் கடைக்கு வந்தாள். நாங்கள் தையல்காரிகள் நூலைப் பல்லால்தான் கடிப்போம். கெட்ட பழக்கம்தான், ஆனால் இரண்டு கையும் துணியில் இருக்கும்போது வேறென்ன செய்வது? முதல் நாள் அவளும் நூலை முன்பல்லில் வைத்து இழுத்தாள். நூல் முழுசாக வெளியே வந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி வந்தது. நான் சிரித்துவிட்டேன். அவள் குனிந்து கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மறுநாளே வத்தலக்குண்டில் அவளுக்கென்று ஒரு சின்ன நூல் கத்தரி வாங்கிவந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டர் ஒருவர்தான் இதை ஆபரேஷனால் சரிசெய்யலாம் என்றும் மதுரையில் யாரைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதிக்கொடுத்தார். ஆண்டிச்சாமி அண்ணன் அந்தத் தாளை மடித்து ஜீப்பின் கண்ணாடிக்கு மேல் சொருகிவிட்டார். "சாமி குடுத்த மொகம். அதை அறுக்கணும்னு யாரு அழுதா?" என்றார்.

தமிழ்மதி அப்பாவிடம் கத்தவில்லை. "மொகம் நல்லாத்தான்ப்பா இருக்கு. எனக்குச் சோறு தின்ன முடியல. அதைத்தான் சரி பண்ணச் சொல்றேன்" என்றாள். அவர் கண்ணாடிக்கு மேல் சொருகியிருந்த தாளை உருவி, மதுரை விலாசத்தைப் படிக்கத் தொடங்கினார்.

மதுரை டாக்டரம்மா பிளாஸ்டிக் தாடை ஒன்றைக் கையில் வைத்து விளக்கினார். மேல்தாடை பின்பக்கம் இறங்கி இருக்கிறது, அதனால்தான் முன்னால் மூடவில்லை. எலும்பை அறுத்துப் பின்பக்கத்தை மேலே ஏற்றி, தகடும் திருகும் போட்டு நிறுத்த வேண்டும். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அலைன்மென்ட் தானுங்களா டாக்டரம்மா?"

"அதேதான்."

அதற்குப் பிறகு ஊரில் யார் குறுக்கே பேசினாலும் அவரே டாக்டராகிவிட்டார். "அலைன்மென்ட் சரியில்லாத வண்டிய அப்படியே ஓட்டுவியா நீ? டயர் தேயும்ல?" ஒன்றரை வருஷம் கம்பி போட்டுப் பற்களை வரிசைப்படுத்தினார்கள். மாதம் ஒருமுறை மதுரை, மாதம் ஒருமுறை பிளாஸ்டிக் கவர். பிளஸ் டூ பரீட்சை முடிந்து ஏப்ரலில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

அப்போது டாக்டரம்மா பின்னால் வரப்போவதையும் சொன்னார். ஆறு வாரத்துக்கு மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ரப்பர் வளையங்கள் போட்டு இறுக்கிவைப்பார்கள். மெல்லவே கூடாது, வடிகட்டின தண்ணீர் ஆகாரம் மட்டும். எலும்பு கூடுகிற வரைக்கும் தாடை இடம் மாறக் கூடாது. மாறினால் முன்பல் மறுபடி திறந்துகொள்ளும், பட்ட பாடு அத்தனையும் வீண். வாந்தி வந்தால் பயப்பட வேண்டாம், குடிப்பது தண்ணீர்தான், குனிந்தால் பல்லிடுக்கு வழியாக வந்துவிடும். ஆனாலும் எப்போதும் பக்கத்தில் ஒரு கத்தரி இருக்கட்டும், மூச்சு முட்டினால் ரப்பரை வெட்டிவிடலாம்.

இவ்வளவையும் கேட்ட ஆண்டிச்சாமி அண்ணன் காதில் நின்றது ஒரே சொல். வாந்தி.

நேரே என் கடைக்கு வந்தார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. "தங்கச்சி, நீ பொய் சொல்ல மாட்ட. என் வண்டியில எதுனால வாந்தி வருது?"

"ஓட்டுறதுனாலண்ணே" என்றேன்.

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "அப்ப நீ வா" என்றார்.

என்னை வைத்து ஒத்திகை பார்ப்பதென்று முடிவுசெய்திருந்தார். நான் எடுக்காமல் மலை ஏறினால் தமிழ்மதியும் எடுக்காமல் ஏறுவாளாம். எனக்குத் தைக்கிற சோலி மலைபோல் கிடந்தது, ஆனாலும் போனேன். முதல் நாள் ஐந்தாவது வளைவிலேயே எடுத்தேன். இரண்டாம் நாள் பாதி மலையில். ஒவ்வொரு தடவையும் இறங்கிவந்து, எந்த வளைவு, திரும்பும்போதா, பிரேக் போடும்போதா என்று விசாரிப்பார். வாழ்க்கையில் என் வாந்திக்கு இத்தனை மரியாதை கிடைத்ததில்லை. நாலாம் நாள் அய்யம்பாளையத்தில் ஏறி தாண்டிக்குடியில் இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்த காபிக்காட்டு ஆட்கள்தான் கொதித்துப்போனார்கள். "யோவ், இதுக்கு நாங்க நடந்தே போயிருப்போம்" என்று ஒருவர் கத்தினார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்து, ஆளே தெரியவில்லை. மணிமேகலை மதினி, அவள் அம்மா, தலைமாட்டில் உட்கார்ந்து ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் கன்னத்து ஓரமாகப் பால் விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தமிழ்மதி போனை எடுத்து எழுதிக் காட்டினாள்: "அழாதீங்கத்தை. எனக்கு அழுதா மூக்கு அடைக்கும். நீங்க அழுதா நானும் அழுவேன்." பிறகு உதட்டை மெல்ல விரலால் விலக்கினாள். கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது.

முதல் இரண்டு வாரம் மலை ஏறக் கூடாது என்பதால் அம்மாவும் மகளும் வத்தலக்குண்டில் மதினியின் தங்கை வீட்டில் இருந்தார்கள். ராகியை நீர்க்கக் காய்ச்சி வெள்ளைத் துணியில் வடிகட்டுவது, பருப்புத் தண்ணி, ஆட்டுக்கால் சூப், மறுபடி பால். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்ச். அண்ணன் போகும்போதும் வரும்போதும் வண்டியை நிறுத்தி, "எத்தனை கிலோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். மூன்று கிலோ குறைந்து நின்றுவிட்டது. அவருக்கு ஐந்து குறைந்திருக்கும்.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, ஊருக்குப் போகலாம் என்றார். ரப்பர் வளையங்களை இனி தினமும் அவளே மாற்ற வேண்டுமென்று கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்கு என்று மூன்று தடவை போட்டுக்காட்டச் சொன்னார். அண்ணன் அந்த நேரம் வண்டியைத் திருப்ப இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மலை ஏறும் அன்றைக்கு நான் துணைக்குப் போனேன். தமிழ்மதியின் அந்த நூல் கத்தரியை எடுத்து, ஒரு கொக்கி வைத்து, பட்டன் நூலை நாலாக முறுக்கி அண்ணன் கழுத்தில் கட்டினேன். ஸ்டியரிங்கில் மாட்டிவிடாமல் இருக்கக் கழுத்தோடு ஒட்டிக் கட்டச் சொன்னார். கொக்கியைத் தட்டினால் கத்தரி கையோடு வரும். "என் கழுத்துல கெடக்கட்டும். பிள்ளை கைய நீட்டுனா நான் இருப்பேன்" என்றார்.

ஜன்னலோரம் தமிழ்மதி, நடுவில் நான், பின்னால் மதினி. வேறு ஆளே ஏற்றவில்லை. அய்யம்பாளையத்தில் வண்டியை நிறுத்தினார். நானும் மதினியும் பாத்ரூம் போய்விட்டு வந்தோம், அவ்வளவுதான். பிறகு ஏறினோம். அவர் ஓட்டிய ஓட்டத்தை இன்றைக்கும் சொல்லலாம். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைத் தூங்குகிற பிள்ளையைத் திருப்புவது போலத் திருப்பினார். எனக்கே தூக்கம் வந்தது.

பாதி மலையில் தமிழ்மதி என் தொடையைத் தட்டினாள். முகம் வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது. வண்டி நின்றது. அவள் கதவைத் திறந்து குனிந்தாள். வெள்ளையாகக் கொஞ்சம் வந்தது, பிறகு வரவில்லை. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டு அவள் தோள் குலுங்கியது.

"கத்தரி!" என்று கத்தினேன். அண்ணன் ஓடிவந்தார். கழுத்துக்குக் கை போனது, கொக்கி எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. பாறை விழுந்த ரோட்டில் ஒற்றைக் கையால் வண்டி ஓட்டுகிறவர், இரண்டு கையாலும் நூலைப் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன், மதினி பின்னாலிருந்து "முருகா, முருகா" என்றாள்.

தமிழ்மதி கையை நீட்டி அப்பாவின் கழுத்திலிருந்து கத்தரியைக் கழற்றினாள். உதட்டை விலக்கி வலப்பக்கம் ஒரு வெட்டு, இடப்பக்கம் ஒரு வெட்டு, முன்னால் ஒன்று. குனிந்தாள். எல்லாம் வெளியே வந்தது. மூச்சு இழுத்தாள். ஆறவைத்த தண்ணீரால் வாயைக் கொப்பளித்தாள். நான் கீழே பார்த்தேன். பழுப்பு நிறத்தில், கெட்டியாக, பேரீச்சம்பழத் துணுக்கோடு கிடந்தது.

"என்னண்ணே குடுத்த?"

அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடினார்.

"என்ன குடுத்தன்னு கேட்டேன்!"

"பஞ்சாமிர்தம்" என்றார். பழனியிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் அய்யம்பாளையத்தில் கொடுத்தாராம். பாலில் கரைத்துச் சிரிஞ்சில் ஏற்றி, நாங்கள் வருவதற்குள் கொடுத்துவிட்டார். "அதுல என்ன தங்கச்சி இருக்கு? நம்ம மலைப் பழம். நான் ஏத்தி விட்ட பழம். அது நம்ம பிள்ளைய என்ன செய்யும்னு நெனச்சேன்."

பஞ்சாமிர்தத்தை விரலை நக்கிச் சாப்பிடுகிறவள்தான் நானும். ஆனால் அன்றைக்கு அவரைத் திட்டியது அந்த மலை பூராவும் கேட்டிருக்கும். டாக்டரம்மா தண்ணி ஆகாரம் என்றால் தண்ணி ஆகாரம், முருகன் வந்து மருந்துச் சீட்டு எழுதினாரா என்று கேட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "நானே கெடுத்துட்டேனே. ஒன்றரை வருசம் பட்ட பாட்டை நானே கெடுத்துட்டேனே."

தமிழ்மதி ஒரு பார்வை பார்த்தாள். என் வாய் தானாக மூடிக்கொண்டது. பையிலிருந்து புது ரப்பர் பாக்கெட்டையும் சின்னக் கொறடையும் எடுத்தாள். கையைக் கழுவினாள். ஜீப்பின் இடப்பக்கக் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, அதன் முன்னால் நின்று, ஒவ்வொரு வளையமாக மாட்டத் தொடங்கினாள். மேல் கொக்கி, கீழ் கொக்கி. ஒன்று தெறித்துப் பள்ளத்தில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள். எதிரே வந்த பால் வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முடித்ததும் அப்பா முன்னால் போய் நின்று உதட்டை விலக்கிக் காட்டினாள். பிறகு போனில் எழுதினாள்: "வண்டிய எடுங்கப்பா. மெதுவா இல்ல. எப்பவும் போல ஓட்டுங்க. நீங்க பயந்து ஓட்டுனா எனக்குப் பயமா இருக்கு."

ஊருக்கு வந்ததும் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினோம். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது, அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுத்தால்தான் உள்ளே தெரியும் என்று சொன்னார். கத்தரியை வாங்க அண்ணன் கழுத்திலிருந்த நூலை அவிழ்க்கப் போனேன். அவர் தடுத்துவிட்டார். கத்தரியை மட்டும் மகளிடம் கொடுத்தார். "நூல் கெடக்கட்டும். பிள்ளைக்கு முன்பல்லு நின்னுருச்சுன்னு டாக்டரம்மா வாயால சொல்லட்டும். அன்னைக்குக் கழத்துறேன்." பழனிக்குக் காப்புக் கட்டினவர் மாதிரி அந்த நூலோடு குளித்தார், சாப்பிட்டார், வண்டி ஓட்டினார். ஸ்டாண்டில் கேலி செய்தவர்களுக்கு ஹாரனால்கூடப் பதில் சொல்லவில்லை.

எக்ஸ்ரேயில் தகடும் திருகும் அசையாமல் இருந்தன. ஆறு வாரம் முடிந்து ரப்பர் இறுக்கம் தளர்ந்தது. குழைந்த சோறு, இட்லி, பிறகு மீன். எடை திரும்பியது. கையை வாய்க்கு முன்னால் வைக்காமல் பேசக் கற்றுக்கொள்வதுதான் ரொம்ப நாள் எடுத்தது. ஆனால் டாக்டரம்மா முழுசாகச் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் முடியட்டும், அதுவரை முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்றார். அதனால் நூலும் அண்ணன் கழுத்தில் கிடந்தது. அழுக்கேறிக் கறுத்துப்போனது.

ஜூலையில் தமிழ்மதிக்குத் திண்டுக்கல்லில் காலேஜ் கிடைத்தது, ஹாஸ்டல். முந்தின நாள்தான் மதுரை போய்விட்டு வந்திருந்தார்கள். மறுநாள் வெள்ளனே ஜீப் என் கடை முன்னால் நின்றது. பெட்டி, வாளி, தலையணை எல்லாம் ஏறியிருந்தது. அவளுக்குத் தைத்த கடைசிச் சுடிதாரைக் கொடுக்க நான் வெளியே வந்தேன்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தை நீட்டினார். "அவுத்து விடு தங்கச்சி. சொல்லிட்டாங்க."

நானும் அவிழ்த்துப் பார்த்தேன். மூன்று மாத வியர்வையில் என் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் போகவில்லை. "இருங்கண்ணே, கத்தரி எடுத்துட்டு வாரேன்" என்று கடைக்குள் திரும்பினேன்.

"வேண்டாத்தை" என்றாள் தமிழ்மதி.

வண்டியிலிருந்து இறங்கிவந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நூலை விரலால் கொஞ்சம் தூக்கி முன்பல்லில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னதாக ஒரு சத்தம் வந்தது, மெஷின் சத்தம் இல்லாததால் எனக்கும் கேட்டது.

நூல் அவர் மடியில் விழுந்தது. நான் அதை எடுத்து நுனியைப் பார்த்தேன். இருபது வருஷமாக நூலோடு கிடக்கிறவள் நான். கடைவாயால் சவைத்து அறுத்த நூல் பிசிறடிக்கும். இதில் பிசிறு இல்லை. நாலு இழையும் ஒரே கடியில் போயிருந்தன.